உன் உடம்பைப் பற்றி எழுது

போர்ட்லாண்ட்,
அக்டோபர் 6, 1996

அன்புள்ள ரெய்னோவுக்கு,

இங்கே நான் நலமாக இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்? மீன்பிடிக் காலம் முடிந்து படகைக் கரையேற்றியிருப்பாய். இந்தப் பனிக்காலமும் அலாஸ்காவிலேயே அந்த மீன் டப்பா ஆலைக்குக் காவல் இருக்கப் போகிறாயா? பூட்டிக் கிடக்கிற ஆலையை யார் தூக்கிக்கொண்டு போகப் போகிறார்கள்? தொலைபேசி இல்லை. வாரத்துக்கு ஒரு தபால் விமானம், அதுவும் வானம் விட்டால்தான். உன்னோடு பேச வேண்டுமென்றால் இப்படிப் பேனாவைத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

கம்பெனி நன்றாக நடக்கிறது. கப்பலில் எந்தப் பெட்டியை எங்கே அடுக்குவது என்று கணக்குப் போடும் எங்கள் மென்பொருளைக் கொரியாவில் ஒரு துறைமுகம் வாங்கியிருக்கிறது. அப்பா இருந்திருந்தால், "இதுக்கெல்லாமா காசு குடுக்கறாங்க?" என்று கேட்டிருப்பார்.

ஒன்று கேட்கிறேன். நீ கடைசியாக எப்போது டாக்டரிடம் போனாய்? ரத்த அழுத்தம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தாயா? உனக்கு நாற்பத்தாறு ஆகிறது. கெட்சிகன் ஊருக்குச் சாமான் வாங்கப் போகும்போது ஒரு நடை பார்த்துவிட்டு வா. பார்த்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
ஐலி

*

ஆலைக் குடியிருப்பு,
நவம்பர் 2, 1996

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். நான் சுகம், அடுப்பு சுகம், கூரைக்கு மட்டும் கொஞ்சம் ஜலதோஷம், ஒழுகுகிறது. நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

உன் கடிதம் வர மூன்று வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. மேகம் கீழே இறங்கியிருந்ததால் பெர்ல் இரண்டு தடவை தலைக்குமேல் வட்டம் போட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள். பெர்ல்தான் தபால் விமானம் ஓட்டுகிறவள். அவள் புருஷனுடைய விமானம், அவர் இறந்தபிறகு இவளே ஓட்டுகிறாள். மூன்றாவது தடவை தண்ணீரில் இறக்கிவிட்டு, "உங்கக்கா எழுத்துக்காகத்தான் இறங்கினேன். உன் மூஞ்சியப் பார்க்க இல்ல" என்றாள். அப்புறம் கடல் உள்வாங்கும்வரை உட்கார்ந்து என் காப்பியைக் குடித்துத் தீர்த்தாள்.

இந்த வருடம் மீன் மோசமில்லை. உனக்காக ஒரு பெட்டி புகைபோட்ட சால்மன் அனுப்பியிருக்கிறேன். உப்பு தூக்கலாக, உனக்குப் பிடித்த மாதிரி. ஆபீசில் யாருக்கும் கொடுக்காதே.

டாக்டர் எதற்கு? நான் கடைசியாகப் படுத்தது பள்ளிக்கூடத்தில் அம்மை வந்தபோது. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

ரெய்னோ

*

போர்ட்லாண்ட்,
நவம்பர் 17, 1996

அன்புள்ள ரெய்னோவுக்கு,

நலம். நீயும் கூரையும் குணமாக வேண்டும்.

மீன் வந்தது. வாசனையே வீடு முழுக்க நிறைந்துவிட்டது. நீ சொல்லியும் கேட்காமல் ஆபீசுக்குக் கொண்டுபோனேன். ட்வைட்டும் மற்றவர்களும் நின்ற இடத்திலேயே தீர்த்துவிட்டார்கள்.

ஒரு செய்தி. வருடக் கடைசியோடு நான் பொறுப்பிலிருந்து விலகுகிறேன். இருபது வருடம் ஆகிவிட்டது. ட்வைட் அந்த இடத்துக்கு வருகிறான். நானே வேலைக்கு எடுத்த பையன், கெட்டிக்காரன். எல்லாம் பேசி முடித்தாயிற்று. நீ இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. அம்மை வந்த கதையைக் கேட்கவில்லை. விலாவுக்குக் கீழே பின்பக்கம் வலி வருகிறதா? சிறுநீரில் எப்போதாவது ரத்தம் போனதுண்டா? தலைவலி அடிக்கடி வருமா? இது மூன்றுக்கும் பதில் எழுது. வேடிக்கையாக எழுதாதே.

அன்புடன்,
ஐலி

*

ஆலைக் குடியிருப்பு,
டிசம்பர் 15, 1996

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தான். விறகு பிளக்கும்போது கண்ணாடி விழுந்து உடைந்துவிட்டது. அதனால் உன் கடிதத்தைப் பெர்லைத்தான் படிக்கச் சொன்னேன். சிறுநீர் வரைக்கும் வந்தவள் நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இது அக்கா கடுதாசியா, மாட்டு டாக்டர் கடுதாசியா? இந்த ஊர்ல இதையெல்லாம் நான் சத்தம் போட்டுப் படிக்கணும்னு என் தலையெழுத்து" என்றாள். பதில்: இல்லை, இல்லை, பெர்ல் வந்து போனபிறகு மட்டும் தலைவலி. இந்தப் பதிலையும் அவள்தான் எழுதுகிறாள், அதனால் கடைசி வார்த்தையைப் தாள் கிழியும்படி அழுத்தி எழுதியிருக்கிறாள், பார்.

நீ விலகுவதைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. கல்யாணம் வேண்டாமென்று சொல்லிக் கட்டிக்கொண்ட கம்பெனி. களைத்துவிட்டது என்று நீ சொல்லி நான் கேட்டதே இல்லை. அம்மா இறந்த வருடம் காலையில் எனக்குச் சமைத்துப் போட்டு, ராத்திரி கல்லூரிக்குப் போவாயே, அப்போதுகூட. அக்கா, உன் உடம்புக்கு ஒன்றுமில்லையே? நீ என்னைக் கேட்டதையே நான் திருப்பிக் கேட்கிறேன்.

கிறிஸ்துமசுக்கு ஏலக்காய் ரொட்டி சுடுவாயா? இங்கே ஏலக்காய் கிடைக்காது. நினைத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

ரெய்னோ

*

போர்ட்லாண்ட்,
ஜனவரி 12, 1997

அன்புள்ள ரெய்னோவுக்கு,

புது வருடத்தில் நீ நலமாக இருக்க வேண்டும். பெர்லுக்கும் என் வணக்கம். கண்ணாடி வாங்கிவிட்டாயா?

ரொட்டி சுட்டேன். பாதியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

போன திங்கட்கிழமை ஒரு கூத்து நடந்தது. காலையில் காரை எடுத்தேன், ஏதோ நினைப்பில் நேரே ஆபீசுக்கே போய்விட்டேன். நான் வழக்கமாக நிறுத்தும் இடத்தில் ட்வைட்டின் கார் நின்றது. வாசலில் லெஸ்டர், இத்தனை வருடமாக எனக்குக் கதவு திறந்துவிட்டவன், கை பிசைந்துகொண்டு நின்றான். "உள்ள வாங்கம்மா. ஆனா இந்த வருகையாளர் சீட்டை மட்டும் சட்டையில மாட்டிக்கங்க. புது விதி" என்றான். "அந்த விதிய நான்தான் போட்டேன் லெஸ்டர்" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். நான் உள்ளே போகவில்லை. பக்கத்துக் கடையில் பால் வாங்க வந்ததாகச் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

வாரத்தில் மூன்று நாள் ஓரிடத்துக்குப் போய்வருகிறேன். அதில் பொழுது போய்விடுகிறது.

நீ எப்போதாவது இந்தப் பக்கம் வரும் எண்ணம் உண்டா? அப்பாவை அடக்கம் செய்ய வந்துபோனதுதான் கடைசி. வற்புறுத்தவில்லை, கேட்கிறேன். ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு எழுது.

அன்புடன்,
ஐலி

*

ஆலைக் குடியிருப்பு,
பிப்ரவரி 9, 1997

அக்கா,

நலம் விசாரிக்கப் போவதில்லை. விசாரித்து என்ன, நீ சொல்லவா போகிறாய்?

பெர்ல் எனக்குப் புதுக் கண்ணாடியும் படகுக்கு ஒரு எண்ணெய் வடிகட்டியும் வாங்கி வந்தாள். அதைச் சுற்றியிருந்தது பழைய சியாட்டில் செய்தித்தாள். வணிகப் பக்கம். அதில் உன் படம். "சிறுநீரகக் கோளாறு காரணமாக நிறுவனர் விலகுகிறார்" என்று போட்டிருந்தது. எண்ணெய்க் கறைக்கு நடுவில் நான் அதைப் படித்தேன். மறுபடி படித்தேன்.

ஊருக்கெல்லாம் தெரியும். லெஸ்டருக்குத் தெரியும். சியாட்டிலில் காப்பி குடிக்கிறவனுக்கெல்லாம் தெரியும். தம்பிக்குத் தெரியக் கூடாதா? வாரத்தில் மூன்று நாள் போகிற இடம் எது என்று பெர்ல்தான் எனக்குச் சொன்னாள். அவள் புருஷனுடைய தங்கையும் ரத்தத்தைச் சுத்திகரிக்கிற அந்த இயந்திரத்துக்குப் போனவளாம். அப்படியானால் நான் அனுப்பிய மீனை நீ வாயில்கூட வைக்கவில்லை. உப்பு ஆகாதாமே.

எனக்கு இரண்டு சிறுநீரகம் இருக்கிறது. ஒன்று உன்னுடையது. எப்போது வர வேண்டும் என்று எழுது. மார்ச்சில் என்றால் மார்ச்சில் வருகிறேன். ஆலை எங்கும் ஓடிப்போகாது என்று நீதானே சொன்னாய்.

ரெய்னோ

*

போர்ட்லாண்ட்,
பிப்ரவரி 18, 1997

அன்புள்ள ரெய்னோவுக்கு,

உன் கோபம் நியாயம்தான். உடம்பைப் பற்றி முதலில் எழுதிவிடுகிறேன். பசி இல்லை, ஆனால் சாப்பிடுகிறேன். காப்பி ஒரு நாளைக்கு ஒரு சின்னக் கோப்பை. திங்கள், புதன், வெள்ளி அந்த இயந்திரத்தோடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். வீட்டுக்கு வந்தால் படுக்கத்தான் முடிகிறது. மற்ற நாள்களில் பரவாயில்லை.

விலகுவதைப் பற்றி ஆபீசில் எல்லாரையும் கூடத்தில் கூட்டிச் சொன்னேன். முந்நூறு பேர். குரல் நடுங்கவில்லை. "என் சிறுநீரகம் ரெண்டும் ராஜினாமா குடுத்துடுச்சு, அதனால நானும் குடுக்கறேன்" என்றேன். சிரித்தார்கள், பிறகு சிலர் அழுதார்கள். அங்கே சொல்ல முடிந்ததை உனக்கு எழுத முடியவில்லை. நாலைந்து கடிதம் எழுதினேன். எல்லாவற்றையும் கிழித்துப் போட்டுவிட்டு, ரத்த அழுத்தம் பார்த்தாயா என்று மட்டும் எழுதி அனுப்பினேன்.

காரணம் இதுதான். ஸ்கேன் எடுத்ததும் டாக்டரம்மா கேட்டார்: "உங்கம்மா எத்தன வயசுல போனாங்க?" நாற்பத்தாறு என்றேன். "எதனால?" ரத்த அழுத்தம் என்று சொன்னார்கள் என்றேன். அவர் தலையாட்டினார். "ரத்த அழுத்தம் வந்ததே இதனாலதான். சிறுநீரகம் பூரா நீர்க்கட்டி. இது பரம்பரையா வரும். அம்மாவுக்கு இருந்தா பிள்ளைங்கள்ல பாதிப் பேருக்கு வர வாய்ப்பிருக்கு. கூடப்பொறந்தவங்க யாராவது?"

"ஒரு தம்பி. கல்லு மாதிரி இருப்பான்."

"கல்லையும் ஒரு தடவை ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்க" என்றார்.

அம்மாவின் வயது இப்போது உனக்கு. நீ அங்கே தனியாக, சந்தோஷமாக இருக்கிறாய் என்று நினைத்தேன். இதைத் தூக்கி உன் தலையில் போட மனம் வரவில்லை. சீக்கிரம் தெரிந்தால் மாத்திரை போட்டுப் பல வருடம் தள்ளிப்போடலாம் என்பதும் தெரியும். அதனால்தான் அந்தக் கேள்வியையே பிடித்துக்கொண்டு தொங்கினேன்.

நீ கொடுக்கிறேன் என்று எழுதிய வரியை நான் மடித்து வைத்துவிட்டேன். அதைப் பற்றி இப்போது பேச்சில்லை. எனக்காக வராதே. உனக்காக முதலில் கெட்சிகன் போய் ஸ்கேன் எடு. முடிவு எதுவானாலும் எழுது.

அன்புடன்,
ஐலி

*

போர்ட்லாண்ட்,
மார்ச் 30, 1997

அன்புள்ள ரெய்னோவுக்கு,

நீ நலமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

செய்தித்தாளின் கடைசிப் பக்கத்தில் தென்கிழக்கு அலாஸ்காவின் வானிலை சின்னதாகப் போடுகிறார்கள். இப்போது அதைத்தான் முதலில் திருப்புகிறேன். மழை என்றால் பெர்ல் இறங்கியிருக்கமாட்டாள் என்று சொல்லிக்கொள்கிறேன். மூடுபனி என்றாலும் அப்படித்தான். போன வாரம் முழுக்க "தெளிவான வானம்" என்று போட்டிருந்தான். அந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டேன்.

ஆபீசிலிருந்து இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. முதல் மாதம் தினமும் கூப்பிட்டார்கள். நான்தான், "நீங்களே பாத்துக்கங்க" என்று சொன்னேன். அவர்கள் நன்றாகவே பார்த்துக்கொள்கிறார்கள். அப்படித்தானே இருக்க வேண்டும்?

எழுத விருப்பமில்லை என்றால் வெறும் தாளை உறையில் போட்டு அனுப்பு. விலாசத்தில் உன் கையெழுத்து இருக்கும், அது போதும்.

ஐலி

*

கெட்சிகன்,
ஏப்ரல் 14, 1997

மதிப்பிற்குரிய ஐலி அவர்களுக்கு,

தபால் விமானம் ஓட்டும் பெர்ல் எழுதுகிறேன். உங்கள் உடல்நிலை பற்றி அறிவேன். தேறிவர வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறேன். உங்கள் கடிதங்கள் எல்லாம் அவன் கைக்குப் போய்ச் சேர்ந்தன. ஒன்றும் தொலையவில்லை. என் தபால் பையிலிருந்து இதுவரை ஒன்றும் தொலைந்ததில்லை.

மார்ச்சில் அவனை நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தேன். போகும்போது வாய் ஓயாமல் பேசினான். உங்களுக்கு என்ன கொண்டுபோவது, ஆப்பரேஷன் முடிந்து எத்தனை நாளில் படகு ஏறலாம், எல்லாம். திரும்பும்போது ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டான். "என்னாச்சு?" என்றேன். "விமானத்த ஓட்டு" என்றான். இறங்கும்போது, "அக்காவுக்கு எழுதிடாத, நானே எழுதறேன்" என்றான். அதனால் நான் எழுதவில்லை. இவ்வளவுதான் எழுதியிருக்கிறேன்.

உயிருக்கு ஒன்றும் ஆபத்தில்லை. சாப்பிடுகிறான். உங்கள் கடிதம் வந்தால் தண்ணீரோரம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறான்.

ஆஸ்பத்திரிக்கு வருமுன்பே ஆலைக்காரர்களிடம் வேறு ஆள் பார்க்கச் சொல்லிவிட்டான். நல்லதுதான் என்று சொன்னேன். அந்தக் குடாவில் இறங்குவது எனக்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான். இனிமேல் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம்.

இப்படிக்கு,
பெர்ல்

*

ஆலைக் குடியிருப்பு,
மே 4, 1997

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? இந்தத் தடவை உண்மையாகக் கேட்கிறேன்.

என் உடம்பைப் பற்றி எழுதச் சொல்லி அக்டோபரிலிருந்து கேட்கிறாய். எழுதுகிறேன். எனக்கும் இருக்கிறது. இரண்டு பக்கமும். உன் அளவுக்கு இல்லையாம். ரத்த அழுத்தம் எக்கச்சக்கமாக இருந்ததால் டாக்டர் என்னை வெளியே விடாமல் உட்கார வைத்துவிட்டார். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ஒழுங்காகப் போட்டால் பத்துப் பதினைந்து வருடம் ஓட்டலாம் என்றார்.

அதற்காக நான் எழுதாமல் இருக்கவில்லை. அது பரவாயில்லை, அக்கா. நான் டாக்டரிடம் கேட்டது ஒன்றுதான். "எனக்கு இருந்தா இருந்துட்டுப் போகட்டும், ஒண்ணை எடுத்து அவளுக்கு வைக்க முடியுமா?" அவர் பேனாவை மூடிவிட்டு, "முடியாது" என்றார். வாழ்க்கையில் முதல்தடவையாக உனக்குக் கொடுக்க என்னிடம் ஒன்று இருக்கிறது என்று நினைத்தேன். அதை எழுதி வேறு அனுப்பிவிட்டேன். இனி என்னவென்று எழுதுவது? தினமும் தாளை எடுப்பேன், "அன்புள்ள அக்காவுக்கு" என்று எழுதுவேன், அதற்குமேல் கை ஓடாது.

போன வாரம் பெர்ல் தபாலைக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "உங்கக்கா உன்கிட்ட என்ன கேட்டா? சிறுநீரகமா கேட்டா? வர்றியான்னுதான கேட்டா, ஜனவரியில? நான்தான படிச்சேன் அத." சொல்லிவிட்டு விமானத்தில் ஏறிப் போய்விட்டாள். காப்பிகூடக் குடிக்கவில்லை.

படகை விற்றுவிட்டேன். ஜூனில் வருகிறேன். கொண்டுவர ஒன்றுமில்லை. உன் வீட்டில் இடம் இருக்குமா?

ரெய்னோ

*

போர்ட்லாண்ட்,
மே 13, 1997

ரெய்னோ,

இங்கே நலம்.

மாடி அறையில் கம்பெனியின் பழைய கணிப்பொறிகளை அடைத்து வைத்திருந்தேன். லெஸ்டரும் அவன் மனைவியும் வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். அறை காலியாகிவிட்டது. ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன்.

மாத்திரையை மறக்காதே. வா.

ஐலி

*

போர்ட்லாண்ட்,
செப்டம்பர் 21, 1997

அன்புள்ள பெர்லுக்கு,

நீங்கள் நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். நாம் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. ஆனாலும் என் எழுத்து உங்களுக்கும் உங்கள் பேச்சு எனக்கும் நன்றாகத் தெரியும். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

எங்கள் உடம்பைப் பற்றி: ரெய்னோவுக்கு அழுத்தம் கட்டுக்குள் வந்துவிட்டது. மாத்திரையைத் திட்டிக்கொண்டே விழுங்குகிறான். ஆற்றங்கரையில் படகு பழுதுபார்க்கும் இடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. என் மூன்று நாளும் அவன்தான் கார் ஓட்டுகிறான். பக்கத்து நாற்காலிக்காரர்களுக்கெல்லாம் அலாஸ்காக் கதை சொல்லி, நர்சிடம் திட்டு வாங்குகிறான். எனக்கு மாற்றுச் சிறுநீரகம் கேட்டுப் பெயர் பதிந்திருக்கிறோம். எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வராமலும் போகலாம். ஆபீஸ் வழியாகக் காரில் போகும்போது மாடி விளக்குகளைப் பார்ப்பேன். இப்போது வலிக்கவில்லை என்று எழுதினால் பொய். ஆனால் ரெய்னோ அந்த இடம் வந்ததும் வேண்டுமென்றே வேகத்தைக் குறைக்கிறான், நான் பார்ப்பதற்கு. முன்பெல்லாம் நான் தனியாகப் பார்த்தேன்.

நான் எழுத வந்தது வேறு. ஆற்றில் எப்போதாவது மிதவை விமானம் இறங்கும். சத்தம் கேட்டால் ரெய்னோ கையிலிருப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்து, அது கண்ணுக்கு மறையும்வரை நிற்கிறான். "உள்ள வாடா, சூப் ஆறுது" என்றால், "இன்ஜின் சத்தம் சரியில்ல, அதான் பார்த்தேன்" என்கிறான். உங்களுக்கு வாராவாரம் கடிதம் எழுதுகிறான். நான் அதைப் படிப்பதில்லை. ஒட்டி முடித்ததும், "என்னடா எழுதின?" என்று கேட்பேன். "மழையைப் பத்தி" என்பான். போன வாரம் இங்கே மழையே இல்லை.

நீங்களும் பதிலில் வானிலையைத்தான் எழுதுகிறீர்கள் என்று சொன்னான்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், பெர்ல். வாய்விட்டுக் கேட்கத் தெரியாமல் ஒரு பனிக்காலத்தை முழுசாகத் தொலைத்தோம். எனக்கு இப்போது அவ்வளவு பொறுமை இல்லை, அவ்வளவு நாளும் இருக்கிறதா என்று தெரியாது. அதனால் அவன் சார்பில் நானே எழுதிவிடுகிறேன். அவனுக்கு உங்களைத் தேடுகிறது. சாப்பிடும்போது, கார் ஓட்டும்போது, சிரிக்கும்போதுகூடத் தேடுகிறது. உங்களுக்கும் அப்படி இருந்தால், பனி விழுமுன் ஒரு தடவை விமானத்தைத் தெற்கே திருப்புங்கள். இல்லையென்றால் இந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டுவிடுங்கள், நான் எழுதியது அவனுக்குத் தெரிய வேண்டாம்.

ஆற்றில் இறங்க நல்ல இடம் இருக்கிறது. நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

அன்புடன்,
ஐலி